பொபொலிங்க் வயலில் அக்கா

வைகாசி பிறந்துவிட்டால் அக்கா எந்தக் கொண்டாட்டத்துக்கும் வரமாட்டார் என்பது எங்கள் உறவினர் எல்லோருக்கும் தெரியும். கலியாணம், குடிபுகுதல், பிள்ளைகளின் பிறந்தநாள் என்று எத்தனையோ அழைப்புகளுக்கு அத்தான் மட்டும் தனியாக வந்து, அன்பளிப்பைக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். அக்கா எங்கே என்று கேட்டவர்களுக்கு, “அவ படம் எடுத்துக் களைச்சுப்போய்ப் படுத்திருக்கிறா” என்று உண்மையைத்தான் சொன்னார். பலர் நம்பவில்லை. பெருமை பிடித்தவர் என்று சிலர் நினைத்ததும் எங்கள் காதுக்கு வந்தது. அப்படி மனம் நொந்தவர்கள் கையிலும் இந்த நினைவு மலர் இருக்கலாம். அந்த மாதங்களில் அக்கா எங்கே இருந்தார், என்ன செய்தார் என்பதை உடன்பிறந்தவள் என்ற உரிமையோடு இங்கே எழுதுகிறேன்.

அக்கா வேலணைத் தீவில் எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த மகளாகப் பிறந்தார். ஐயா கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்தவர். அக்கா உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஐயா மாரடைப்பால் காலமானார். அதோடு அக்கா படிப்பை நிறுத்திவிட்டு, ரியூட்டறியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வீட்டைப் பார்த்தார். போரில் தீவை விட்டுச் சனம் வெளியேறியபோது அம்மாவையும் என்னையும் வள்ளத்தில் ஏற்றிக் கரைசேர்த்தவரும் அவரே. பிறகு அத்தானை மணமுடித்து ரொறன்ரோவுக்கு வந்தார். வந்து காலூன்றியதும் முதல் வேலையாக அம்மாவையும் என்னையும் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டார். அம்மா பாரிசவாதத்தில் விழுந்து படுக்கையில் கிடந்த வருடங்களில், வேலைக்கும் போய், அம்மாவையும் பார்த்து, மகள் அபியையும் வளர்த்தார்.

வேலை என்றது பாண், ரொட்டி சுடும் ஒரு பக்ரறியில், பொதி செய்யும் லைனில். சீமெந்து நிலத்தில் நின்றபடிதான் முழு ஷிப்றும். அங்கே நின்ற பெண்கள் எல்லோருக்கும் கால் வீங்கும். நிலத்துக்குத் தடித்த றப்பர் விரிப்புப் போட்டுத் தாருங்கள் என்று அக்கா சுப்பர்வைசரிடம் கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கிழமையும் கேட்டார். அதற்கடுத்த கிழமையும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை, சண்டை பிடிக்கவில்லை. ஒரு மாரிகாலம் முழுக்கக் கேட்டார். கடைசியில் விரிப்பு வந்தது. அக்காவின் குணம் அதுதான். ஒரு விஷயம் நியாயம் என்று அவருக்குப் பட்டுவிட்டால், அது நடக்கும்வரை மறக்கமாட்டார்.

பக்ரறியை மூடியபின் அக்கா வீட்டில் இருந்தார். அபி தன்னுடைய பிள்ளையைப் படமெடுக்கவென்று வாங்கி, பிறகு போனே போதும் என்று அலுமாரியில் போட்டுவைத்த கமராவை எடுத்துத் துடைத்தார். லைப்ரறியில் சனிக்கிழமைகளில் நடந்த இலவச வகுப்புக்குப் போனார். முதல் எடுத்த படங்கள் எல்லாம் பல்கனியில் நின்ற கத்தரிச் செடியும் கீழே நின்ற கார்களுந்தான். பெரும்பாலும் மங்கல். அழித்துவிட்டுத் திரும்ப எடுப்பார்.

அபி பிக்கரிங்கில் புதுவீடு வாங்கிக் குடிபோன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் பெருந்தெருவை விட்டு வடக்கே கிராமப் பக்கத்தால் காரை ஓட்டிக்கொண்டு போனார். நானும் பின்சீற்றில் இருந்தேன். தெருவோரம் ஒரு வைக்கோற்புல் வயல். அதன் மேலே ஒரு கறுத்த குருவி சிறகைப் படபடவென்று அடித்தபடி பாடிக்கொண்டே பறந்தது. ஒரே ஒரு குருவி பாடுகிறது என்று நம்பமுடியாத பாட்டு. நாலைந்து விசில்களை ஒருவர் ஒரே நேரத்தில் ஊதினால் எப்படி இருக்குமோ அப்படி. அக்கா காரை நிற்பாட்டச் சொன்னார். குருவிக்குக் கீழ்ப்பக்கம் முழுக்கக் கறுப்பு, முதுகு வெள்ளை.

“முதுகில மா கொட்டுப்பட்ட மாதிரி இருக்கு. இதுவும் எங்கட பக்ரறியிலதான் நிண்டிருக்குமோ?” என்று சிரித்தார்.

அது பொபொலிங்க் என்ற புல்வெளிக் குருவி என்று பிறகு லைப்ரறிப் புத்தகத்தில் கண்டுபிடித்தார். தென்னமெரிக்காவின் தென்பகுதியில் இருந்து வசந்தத்துக்கு இங்கே வருகிறது. மரத்தில் கூடு கட்டாது. உயர்ந்த புல்லுக்குள், நிலத்தில் கூடு வைக்கும். அந்த வயலின் மேற்கு மூலையில் கலப்பை படாத ஒரு மணல் மேடும் இருந்தது. பிரேரி என்ற இயற்கைப் புல்வெளி என்றால் மனிற்றோபா, சஸ்கற்சுவான் பக்கம்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒன்ராறியோவிலும் பழைய பிரேரி நிலம் அங்கொன்றும் இங்கொன்றுமாய் மிஞ்சியிருக்கிறது என்பதை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். அந்த மேடு அப்படி மிஞ்சியது.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வசந்தத்திலும் அக்கா அங்கேதான். இறங்கி நடந்தால் குருவிகள் எழும்பிவிடும்; காரைக் கண்டு பயப்படாது. ஆகவே காரின் கண்ணாடியை இறக்கி, கதவின் மேல் அரிசிப் பை ஒன்றை வைத்து, அதன்மேல் கமராவை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். கையில் கம்பளிக் கையுறை, மடியில் போர்வை, பிளாஸ்கில் இஞ்சித் தேநீர். பக்கத்தில் அத்தான் காதில் வயரைச் செருகித் தமிழ் வானொலிச் செய்தி கேட்டபடி நித்திரையாகிவிடுவார். அறுபதாவது பிறந்தநாளுக்குச் சேலை வேண்டாம் என்று அக்கா சொன்னதால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நீட்டு லென்ஸ் வாங்கிக் கொடுத்தோம். அதன்பிறகுதான் படங்கள் படங்களாயின.

மேட்டில் பூக்கும் பூக்களை அவர் தெருவோரத்தில் குந்தியிருந்து எடுப்பார். முதலில் வருவது பிரேரிப் புகை என்று இங்குள்ளவர்கள் சொல்லும் பூ. சிவந்த மொட்டாய்த் தலை குனிந்து நின்று, பூத்து முடிந்தபின் நிமிர்ந்து, றோஸ் நிறத்தில் மயிர்மயிராய் விரியும். காற்றில் அசையும்போது நிலத்தோடு புகை படிந்ததுபோலவே இருக்கும். அடுத்தது நீலக் கதிர்களாய் லூப்பின். அதைப் பார்த்தவுடனேயே, “உது பயத்தங்கொடியின்ர சாதி, இலையையும் பூவையும் பார்” என்றார். அது சரிதான். வேலிக் கம்பத்தில் நின்று பாடும் மஞ்சள் நெஞ்சுக் குருவி, மேட்டடியில் குட்டிகளோடு வெயில் காயும் நரி, எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு எடுத்தார். நரி குருவிக் குஞ்சைத் தின்னுமே என்று கேட்டேன். அதுக்கும் பிள்ளைகள் இருக்குத்தானே என்றார்.

ஒரு யூன் மாதக் காலையில் அக்காவும் அத்தானும் போனபோது வயலில் பாதி இல்லை. புல் வெட்டும் மெசின் வந்து போயிருந்தது. வைக்கோலுக்கான முதல் வெட்டு. கூடுகளில் குஞ்சு பொரித்திருந்த நேரம் அது. வெட்டிக் கிடந்த புல்லின் மேலே ஒரு பெண்குருவி, அலகில் பச்சைப் புழுவோடு, இறங்க இடம் தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பறந்தது. அக்கா அதைப் படமெடுத்தார்.  அன்று பின்னேரம் எனக்குப் போன் எடுத்தபோது அக்காவின் குரல் வழக்கம்போலவே இருந்தது. அந்த வயல் ஆருடையது என்று விசாரிக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அந்த மாரியில்தான் அக்காவின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. பல வருட நீரிழிவு. கிழமையில் மூன்று நாள் டயலிசிஸ் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். மெசினில் இருந்து எழும்பினால் அன்று முழுக்க உடம்பு துவண்டு போகும். இனி வயல் இல்லை என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அக்கா ஆஸ்பத்திரியில் நேர்சிடம் கேட்ட முதற் கேள்வி, மே, யூன் மாதங்களில் தனக்கு மத்தியானத்துக்குப் பிறகு நேரம் தரமுடியுமா என்பதுதான். காலையில் தனக்கு வேலை இருக்கிறது என்று விளக்கம் சொன்னாராம்.

அபிக்கு இது தெரியவந்தபோது வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. நானும் இருந்தேன். குளிர், உண்ணி, தொற்று என்று அபி ஒவ்வொன்றாய்ச் சொன்னாள். அவள் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. கடைசியில் அழுதுகொண்டே, “ஒரு குருவிக்காக நீங்கள் ஏன் அம்மா இப்பிடிச் செய்யிறீங்கள்?” என்று கேட்டாள்.

அக்கா அவளைப் பக்கத்தில் இருத்தினார். “அபி, கிழமையில மூண்டு நாள் அந்த மெசின் என்னை உயிரோட வைச்சிருக்குது. அந்த உயிரை வைச்சு என்ன செய்யிறது எண்டு நான்தானே முடிவெடுக்கவேணும். நீர் கவலைப்படுறது எனக்கு விளங்குது. கவனமா இருப்பன். ஆனா போவன்.”

 அபி சில நிபந்தனைகள் மட்டும் போட்டாள். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகவேண்டும், புல்லுக்குள் இறங்கக்கூடாது, போனை நிற்பாட்டக்கூடாது. அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். எல்லாவற்றையும் கடைப்பிடித்தார்.

எங்கள் வாழ்க்கையில் நடந்த இடப்பெயர்வை நினைத்துத்தான் அக்கா அந்தக் கூடுகளுக்காக இப்படி நிற்கிறார் என்று சிலர் சொன்னார்கள். நானும் ஒருநாள் அவரிடமே கேட்டேன். இல்லை என்று உடனே சொல்லிவிட்டார். “அது வடிவான குருவி. அது தப்புறதுக்கு வழி இருக்கு. வழி இருக்கேக்க பாத்துக்கொண்டிருக்கக்கூடாது. அவ்வளவுதான்.”

வயலை வைத்திருந்தவர் கென் என்ற பண்ணைக்காரர். எங்கள் வயதுதான் இருக்கும். சித்திரையில் அக்கா அவர் வீட்டுக்குப் போனார். தான் பேசுகிறேன் என்று அபி கேட்டும் விடவில்லை. தன்னுடைய இங்கிலிசிலேயே பேசினார். புழுவோடு பறந்த பெண்குருவியின் படத்தைப் பெரிதாய் அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தார். கென் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு தன்னுடைய நிலைமையைச் சொன்னார். புல் கதிர் விட்டு முற்றினால் அதில் சத்துப் போய்விடும். தன் மாடுகளுக்கு மாரி முழுக்க அதுதான் சாப்பாடு. யூலைவரை வயலை வெட்டாமல் விட முடியாது. அவர் கோபமாகப் பேசவில்லை என்றும், அவர் சொன்னதும் நியாயம்தான் என்றும் அக்கா பிறகு எங்களுக்குச் சொன்னார்.

ஆனால் எழும்பி வரவில்லை. முழு வயலும் வேண்டாம், கூடு இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு வெட்டமுடியுமா என்று கேட்டார்.  எந்த இடம் என்று சரியாகக் காட்டினால் அதைச் சுற்றி வெட்டுவேன், காட்ட முடியாவிட்டால் வழமைபோல வெட்டுவேன் என்றார் கென். அக்கா எழும்பிக் கைகொடுத்துவிட்டு வந்தார்.

சொல்வது சுகம், செய்வதுதான் கஷ்டம். பொபொலிங்க் பெண்குருவி கூட்டுக்கு நேரே இறங்காது. தள்ளி இறங்கி, புல்லுக்குள்ளால் நடந்து போகும். வயலுக்குள் இறங்கித் தேடினால் கூட்டை மிதித்துவிடலாம். நாங்கள் போன தடத்திலேயே நரியும் வரும். தெருவில் இருந்துதான் கண்டுபிடிக்கவேண்டும். குஞ்சு பொரித்தபின் தீனியோடு வரும் குருவி அவசரத்தில் கூட்டுக்குக் கிட்டவே இறங்கும் என்று அக்கா படித்திருந்தார். ஆனால் குஞ்சு பொரிக்கும் காலமும் வெட்டும் காலமும் ஒன்று. இடையில் கிடைப்பது சில நாட்கள்தான்.

வயலின் தெற்கிலும் கிழக்கிலும் தெரு இருந்தது. தெற்குத் தெருவில் நின்று, குருவி இறங்கும் இடமும் தூரத்துத் தானியக் கோபுரமும் ஒரே நேரில் விழும்படி ஒரு படம் எடுப்பார். பிறகு அத்தான் காரைக் கிழக்குத் தெருவுக்குக் கொண்டுபோவார். அங்கிருந்து அதே குருவி இறங்கும்போது, பின்னால் நிற்கும் பட்டமரத்தோடு சேர்த்து இன்னொரு படம். கார் நின்ற இரண்டு இடத்திலும் தெருவோரம் ஒரு குச்சி நடுவார். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கூடு. ரியூட்டறியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு இது புதிதில்லை. ஆனால் குருவி இறங்கும் அந்த ஒரு நொடியைக் கமராவில் பிடிக்கவேண்டும். தவறினால் அது அடுத்த புழுவோடு வரும்வரை காத்திருக்கவேண்டும். டயலிசிஸ் நாட்களிலும் காலையில் போனார். கமராவை அரிசிப் பையில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அத்தான் அந்த நாட்களில் நித்திரை கொள்ளவில்லை. “இறங்குது, இறங்குது” என்று சொல்லுவதற்காக முழித்திருந்தார்.

நடுவில் மழை வந்து வெட்டைப் பின்போட்டது. அந்த மழைக்கு அக்கா நன்றி சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

மழை விட்டுப் புல் காய்ந்ததும் கென் போன் எடுத்தார். அடுத்தநாள் காலை வெட்டுகிறேன், வந்து இடத்தைக் காட்டுங்கள் என்றார். அன்று நானும் போனேன். தெருவில் நின்று கையால் காட்டுவது சரிவராது என்று கென்னுக்குத் தெரிந்தது. புல் வெட்டும் மெசினை இழுக்கும் ரக்ரரின் கபினுக்குள் தனக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சீற்றைக் காட்டி, ஏறமுடியுமா என்று அக்காவைக் கேட்டார். அக்காவின் கையில் டயலிசிஸ் ஊசி போடும் இடம் வீங்கியிருந்தது. அத்தான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா முதற் படியில் கால் வைத்துவிட்டார். நானும் அத்தானும் பின்னால் பிடித்து ஏற்றிவிட்டோம்.

மெசின் மெல்ல மெல்லப் போனது. அக்கா கோபுரத்தையும் பட்டமரத்தையும் தெருவோரக் குச்சிகளையும் மாறிமாறிப் பார்த்து, கையைத் தூக்குவார். கென் மெசினை உயர்த்தி, அந்த இடத்தைச் சுற்றி வளைத்துப் போவார். மத்தியானத்துக்கு முன்னர் வயல் முழுக்க வெட்டுப்பட்டு, நடுவில் அங்கங்கே தீவுகள் மாதிரிப் புல் நின்றது. அக்கா இறங்கிக் காருக்குள் இருந்து பார்த்தார். முதலில் ஒன்றையும் காணவில்லை.  கனநேரத்துக்குப் பிறகு ஒரு பெண்குருவி வேலிப் பக்கத்தால் வந்து, சுற்றிப் பார்த்து, நின்ற புல்லுக்குள் இறங்கியது. பிறகு இன்னொன்று.

மற்றதையும் நான் மறைக்கக்கூடாது. மேட்டுக்குக் கிட்ட ஒரு கூட்டின் இடத்தை அக்கா பிழையாகக் கணித்திருந்தார். அங்கே விட்ட புல்லுக்குள் ஒன்றும் இறங்கவில்லை. பக்கத்தில், வெட்டிய இடத்துக்கு மேலே ஒரு குருவி சுற்றியது. அக்கா அதைக் கண்டதும் கென்னிடம் போய், தான் ஒன்றைத் தவறவிட்டுவிட்டதாகவும் அது தன்னுடைய பிழை என்றும் சொன்னார். சொல்லாமலே விட்டிருக்கலாம், அவருக்குத் தெரிந்திராது. கென் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“அடுத்த வருசம் கொஞ்சம் முந்தியே வந்து சொல்லுங்கோ” என்றார். “அந்தப் பக்கத்தைக் கடைசியா வெட்டிறதுக்குப் பாக்கிறன்.”

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். சப்பாத்தில் புல் ஒட்டியபடி வந்த அக்காவை நேர்ஸ் ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை கூடு என்று மட்டும் கேட்டார்.

யூலை பிறந்தபோது அந்தப் புல் தீவுகளில் இருந்து குஞ்சுகள் வெளியே வந்தன. மஞ்சள் நிறத்தில், வால் வளராமல், ஒரு புற்தண்டில் நிற்கத் தெரியாமல் ஆடி விழுந்து திரும்ப ஏறிய குஞ்சின் படம் இந்த மலரின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. அடுத்த வசந்தத்தில் கென் வயலின் மேட்டுப் பக்கம் முழுவதையும் யூலைவரை வெட்டாமல் விட்டார். அதற்கடுத்த வசந்தத்திலும் விட்டார். முற்றிய புல்லைக் கன்றுகளுக்குப் படுக்கையாகப் போட்டு ஒருவாறு சமாளித்ததாகச் சொன்னார். அக்கா ஒவ்வொரு சித்திரையும் அவர் வீட்டுக்கு எங்கள் ஊர் ரோல்ஸ் பலகாரம் சுட்டுக் கொண்டுபோனார்.

இந்த மாசி மாதம் அக்காவின் இருதயம் பலவீனமானது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போன வருடப் படங்களில் எது நல்லது எது மங்கல் என்று பிரித்துக்கொண்டிருந்தார். மங்கலானவற்றை வழக்கம்போல் அழித்தார். அத்தானும் அபியும் நானும் பக்கத்தில் இருக்க, பங்குனியில் ஒரு காலை அமைதியாக விடைபெற்றார்.

சென்ற கிழமை அத்தான் தானாகவே கென்னுக்குப் போன் எடுத்தார். அக்கா இல்லை என்பதைச் சொன்னார். இந்த வருடமும் நாங்கள் வருவோம், கூடுகளைப் பார்த்துச் சொல்வோம் என்றும் சொன்னார். அத்தானுக்கு ஒரு குருவியும் சரியாகத் தெரியாது. எனக்குக் கமரா பிடிக்கத் தெரியாது. இரண்டையும் பழகிக்கொண்டிருக்கிறோம். குருவிகள் வர இன்னும் சில கிழமைகள் இருக்கின்றன.

அக்காவின் நோயின்போதும் இறுதிக் கிரியைகளிலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் எங்களோடு நின்றவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அக்காவுக்காக நேர அட்டவணையை மாற்றித் தந்த டயலிசிஸ் பிரிவு நேர்சுக்கும், பனியிலும் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்த மோர்னிங்சைட் அயலவர்களுக்கும், லைப்ரறி வகுப்பு நண்பர்களுக்கும், தூர இடங்களில் இருந்து பறந்து வந்த உறவினர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும் எங்கள் மனம் நிறைந்த நன்றி.

இம்மலரின் முன்னட்டையில் உள்ள படத்தை எடுத்தது யார் என்று பலர் கேட்கக்கூடும். அக்கா எப்போதும் கமராவுக்குப் பின்னால் நின்றபடியால் அவருடைய நல்ல படம் எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. போன வருடம் யூலையில் கென் அக்காவின் கையில் இருந்த கமராவைக் கேட்டு வாங்கி, எந்த விசையை அழுத்துவது என்று அவரிடமே கேட்டு, எடுத்த படம் அது. சிரியுங்கள் என்று கென் சொன்னாராம். அந்த நேரம் பின்னால் ஒரு குஞ்சு கத்தியிருக்கிறது. அதனால்தான் அக்கா எங்களைப் பார்க்காமல் வயலின் பக்கம் திரும்பி நிற்கிறார்.

அக்காவின் அன்புத் தங்கை
ஸ்காபரோ